தூங்கியது எத்தனை மணிக்கு

ஜூலை 14, திங்கள்

டாக்டரம்மா, நீங்கள் சொன்னபடி நோட்டு எடுத்துவிட்டேன். ரெஜினா டீச்சர் கொடுத்தது. முன்பக்கம் நாலு ஏட்டில் ஏதோ ஒரு பிள்ளை வகுத்தல் போட்டு அத்தனையும் தப்பு வாங்கியிருக்கிறது. அதற்குப் பின்னால் என் கணக்கு ஆரம்பம். பொருத்தமாகத்தான் இருக்கிறது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பேர் சீனியம்மாள். வயது ஐம்பது என்று சீட்டில் எழுதினீர்கள், நாற்பத்தொன்பதுதான், போனால் போகட்டும். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு இருபத்துநாலு வருடமாகச் சமைக்கிறேன். போன வியாழக்கிழமை சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டேன். கரண்டி உள்ளே விழுந்தது, பருப்பு அடிப்பிடித்தது, முந்தானை அடுப்புக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. அமைப்பாளர் ரெஜினா டீச்சர்தான் பார்த்து என்னை இழுத்துவிட்டார்.

"மூணு வாரம் பாக்குறேன் சீனி. தூக்கம் சரியாயிருச்சுன்னு டாக்டர்ட்ட சீட்டு வாங்கிட்டு வா. அதுவரைக்கும் முட்டை உரிக்க உக்காரு. சீட்டு வரலைன்னா அடுப்ப மறந்துரு" என்று சொல்லிவிட்டார்.

முட்டை உரிப்பது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் என் சாம்பாருக்கு வரிசையில் இரண்டாம் முறை வந்து நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முட்டை உரித்தவளை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

இது இன்சோம்னியாவாக இருக்கலாம், நோட்டைப் பார்த்துத்தான் சொல்வேன் என்றீர்கள். படுக்க இடம் இருக்க வேண்டும், தூங்க நேரம் இருக்க வேண்டும், அப்படியும் தூக்கம் வராமல் பகல் வேலை கெட வேண்டும், அதுவும் வாரத்துக்கு மூன்று நாளாவது. இத்தனையும் சேர்ந்தால்தான் அந்தப் பேராம். ரேஷன் கார்டு வாங்க இவ்வளவு கேட்கவில்லை.

படுத்தது 10. தூங்கியது: இல்லை. எழுந்தது 4.30.

ஏட்டின் ஓரத்தில் 75 என்று போட்டிருக்கிறேன். அது என்னுடைய வேறு கணக்கு. நீங்கள் பார்க்க வேண்டாம்.


ஜூலை 15, செவ்வாய் (ஓரத்தில் 76)

படுத்தது 10. தூங்கியது: இல்லை. மணி ஒன்றும் இரண்டும் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போயின.

வீட்டில் யார் யார் என்று கேட்டிருந்தீர்கள். நானும் இவரும். மகள் நாகஜோதி திருப்பூரில் வாக்கப்பட்டிருக்கிறாள். இவர் பேர் சன்னாசி, எனக்கு முறைமாமன். பேருக்கேற்ற மாதிரி இருபத்துநாலு வருடம் ராத்திரி வீட்டில் தங்காத மனுஷன். தப்பாக நினைக்காதீர்கள், நூல் மில்லில் மூன்றாவது ஷிப்ட். ராத்திரி பதினொன்றுக்கு ஏறினால் காலை ஏழுக்கு இறங்குவார். மற்றவர்களுக்கு ஷிப்ட் மாறும். இவர் கேட்டு வாங்கி அதிலேயே நின்றுகொண்டார். பகலில் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், நான் அடுப்புக்குப் போக வேண்டும், அதற்காக.

மில்லில் ஒரு பழக்கம் உண்டு. மணி அடித்துவிட்டது என்று யாரும் மிஷினை விட்டு நகர முடியாது. அடுத்த ஷிப்ட் ஆள் பக்கத்தில் வந்து நின்று, "வந்துட்டேன், நீ எறங்கு" என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கையை எடுக்கலாம். இவர் காலையில் வாசலில் நின்று அதையே என்னிடம் சொல்வார். நான் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு ஓடுவேன்.

எங்கள் வீட்டில் ஒரே கட்டில். ராத்திரி எனக்கு, பகலில் அவருக்கு. கட்டில் ஆறின நேரமே கிடையாது.

ஏப்ரல் முப்பதோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது கட்டில் அவருக்கு, பாய் எனக்கு. இத்தனை வருடம் கழித்து ராத்திரியில் பக்கத்தில் ஒரு ஆம்பிளை. யார் வீட்டு ஆளோ என்று இருக்கிறது. ஆள் நல்ல ஆள்தான், பார்வைக்கும் குறையில்லை.


ஜூலை 16, புதன் (77)

படுத்தது 10. தூங்கியது: இல்லை.

சமையலுக்கு எனக்குக் கை உதவியாக இருக்கிற குருவம்மாளிடம் வியாதியின் பேரைச் சொல்லியிருக்கக் கூடாது.

"ஏக்கா, எனக்கும் அதுதான். எங்க மாமியா ராப்பூராம் இருமுது. எனக்கும் இன்சோம்னியா."

"அது இன்சோம்னியா இல்லடி, மாமியா. உனக்குத் தூக்கம் வருது, அந்தம்மா விட மாட்டேங்குது. விட்டும் வரலைன்னாத்தான் அந்தப் பேரு."

"அப்ப நம்ம பள்ளிக்கூடத்து வாட்ச்மேனு ராத்திரி முழிச்சே கெடக்காரே, அவருக்கு?"

"அது வேலை. காவலுக்கு முழிக்கிறதெல்லாம் வியாதியில சேராது."

நானே பாதி டாக்டர் ஆகிவிட்டேன். சாயங்காலத்துக்குள் தெருவில் ஆறு பேருக்கு இன்சோம்னியா. டீக்கடைக்காரர் தெரு நாய்க்கும் இருக்கிறது என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது ராத்திரி குரைத்ததைப் பகலில் தூங்கி ஈடுகட்டிவிடுகிறது. நீங்கள் சொன்ன கணக்கில் அது வராது.


ஜூலை 17, வியாழன் (78)

படுத்தது 10.15. தூங்கியது: இல்லை. எழுந்தது 4.30.

எழுந்து பார்த்தால் இரண்டு குடமும் நிறைந்திருக்கிறது. குழாயில் தண்ணீர் வருவதே மூன்று மணிக்கு. நான்தான் பிடித்து வைத்துவிட்டு மறந்திருக்க வேண்டும். இன்சோம்னியாவில் மறதியும் சேருமா?

இன்று சாம்பார் நாள். நான் முட்டை உரித்தேன். சாம்பாரைக் குருவம்மாள் வைத்தாள். புளி ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம், இரண்டும் பேசிக்கொள்ளவே இல்லை. பிள்ளைகள் ஒரு முறைதான் வரிசையில் நின்றார்கள். எனக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் பாவம். எழுதிவிட்டேன்.


ஜூலை 18, வெள்ளி (79)

தூங்கியது: இல்லை. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்தால் கட்டில் சுடுகிறது. ஆடி பிறந்தும் வெயில் குறையவில்லை.


ஜூலை 19, சனி (80)

படுத்தது 9.30. தூங்கியது: இல்லை.

அக்கா வீட்டுக்குப் போய் வந்தோம். அக்கா என்றால் இவருடைய அண்ணன் பெண்சாதி. அண்ணன் பேர் பொம்மையன். அவரும் அதே மில், அதே மூன்றாவது ஷிப்ட். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றார், சால்வை போட்டார்கள், படம் எடுத்தார்கள். எண்பத்தொன்பதாம் நாள் ராத்திரி படுத்தவர் காலையில் எழவில்லை. ராத்திரி ஷிப்ட் பார்த்த உடம்பு ராத்திரித் தூக்கத்தைத் தாங்காது என்று மில்லில் ஒரு பேச்சு உண்டு. வேலையற்றவர்கள் பேச்சு.

இதை இங்கே எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. அக்கா கொடுத்த முருங்கைக்காய் நல்ல சதைப்பிடிப்பு. குழம்பு வைத்தேன். இவர் இரண்டு தட்டு சாப்பிட்டார்.


ஜூலை 20, ஞாயிறு (81)

தூங்கியது: இல்லை.

நாகஜோதி போன் செய்தாள். ஏம்மா தூங்க மாட்டேங்கிற என்றாள். உங்கப்பன் குறட்டை என்றேன். ராத்திரி முழுக்க ஒரே சீரான குறட்டை, கூட்டல் குறைச்சல் கிடையாது, மிஷின் ஓடுகிற மாதிரி. மில்லிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்றேன். சிரித்தாள். பிறகு சிரிக்காமல் பெரியப்பாவைப் பற்றி ஒன்று கேட்டாள். அதற்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன்.


ஜூலை 22, செவ்வாய் (83)

படுத்தது 10. தூங்கியது: இல்லை.

ஒரு மணி வாக்கில் குறட்டை நின்றுவிட்டது. தண்ணீர் குடிக்க எழுந்தேன். போகிற வழியில் அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. சும்மாதான் பார்த்தேன். விரலை வைத்ததும் முகம் ஒரு மாதிரி கோணியது, பிறகு குறட்டை திரும்பவும் ஆரம்பித்தது. தண்ணீர் குடிக்க மறந்துவிட்டேன்.

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை, நேற்றும் இதேதான்.


ஜூலை 24, வியாழன் (85)

படுத்தது 10. தூங்கியது: ஒரு பொட்டு இல்லை. எழுந்தது 4.30.

இப்படி எழுதி நோட்டை அரிசி டின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தால், நான் எழுதியதற்குக் கீழே சிவப்புப் பென்சிலில் வேறு கையெழுத்து. மில்லில் உற்பத்திப் பலகையில் எழுதுகிற பென்சில் அது.

"தவறு. 1.50 முதல் 4.25 வரை தூங்கினாய். குறட்டை உண்டு."

முந்தின ஏடுகளைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் திருத்தம். 17ஆம் தேதிக்குக் கீழே, "2.10 முதல் 4.30. தண்ணீர் பிடித்தது நான்." 19ஆம் தேதிக்குக் கீழே நேரம் எதுவும் இல்லை. ஓரத்தில் நான் போட்ட 80க்குப் பக்கத்தில் மட்டும், "அண்ணன் வேறு, நான் வேறு" என்று எழுதியிருந்தது.

முட்டையை ஓட்டோடு சேர்த்துச் சட்டியில் போட்டுவிட்டேன். குருவம்மாள் பார்த்துப் பொறுக்கி எடுத்தாள்.

நோட்டைப் படித்ததற்குக் கோபப்படலாம். அது பிறகு. தூங்குகிற மனுஷனுக்கு நான் தூங்கின நேரம் எப்படித் தெரியும்?


ஜூலை 25, வெள்ளி (86)

நேற்று சாயங்காலமே கேட்டுவிட்டேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏன் மாமா, ராத்திரி நீ தூங்குறதே இல்லையா?"

"எங்குட்டுத் தூங்குறது? இருபத்துநாலு வருசம் முழிச்ச கண்ணு. பதினோரு மணியானா பளிச்சுன்னு தொறந்துக்கிருது."

"அப்ப அந்தக் கொறட்டை?"

"அது விடுறது. வர்றதில்ல."

நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.

"மே மாசம் முழிச்சே படுத்திருந்தேன்" என்றார். "நீ ஏன் தூங்கல, என்ன செய்யுது, நெஞ்சு வலிக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்த. சரி, கண்ணை மூடிக்கிட்டாத் தூங்குவேன்னு பாத்தேன். கண்ணை மூடுனா உத்து உத்துப் பாக்குற. கொறட்டை விட்டா கொஞ்சம் அடங்குற. அதான் விட்டேன். மனுசன் எவ்வளவு நேரந்தான் விடுவான்? தொண்டை கட்டி அன்னைக்கு நிறுத்துனா, மூக்குல வெரலக் கொண்டாந்து வக்கிற. தும்மலை அடக்குனது எனக்குத்தான் தெரியும்."

"வெரல்ல பூண்டு வாசம் அடிச்சிருக்கும்."

"பெருங்காயம்."

"அப்ப எப்பத்தான் தூங்குவ?"

"நீ பள்ளிக்கூடம் போனதும். ஒம்பதுலருந்து ரெண்டே முக்கா வரைக்கும். பழைய நேரந்தான்."

கட்டில் சுட்டது வெயிலால் இல்லை. தெரு நாயும் இவரும் ஒரே கணக்கு. நான் இத்தனை நாளும் உட்கார்ந்து காவல் காத்தது, கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்த ஒரு ஆளை.

சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. அது நிற்காமல் கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருந்தது. அவர் கீரையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எம்பத்தொம்போது எண்ணிக்கிட்டு இருக்கியா புள்ள" என்றார்.

கீரையில் பூச்சி இருக்கிறது, பார்த்து ஆய் என்றேன்.

படுத்தது 10. தூங்கியது: அவர் கணக்குப்படி 1.30. இன்னும் மூன்று நாள் இருக்கிறது, டாக்டரம்மா. தெரிந்தும் தூக்கம் வரவில்லை. முழித்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னது?


ஜூலை 28, திங்கள் (89)

நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

அவரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். நோட்டைப் படித்துவிட்டு மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்தீர்கள். பக்கத்து அறை நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்துவிட்டு, ஓரத்தில் இருக்கிற எண் என்ன என்று கேட்டீர்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த கொசுப் படத்தைப் பார்த்தேன். இவர்தான் சொன்னார்.

"எங்கண்ணன் போன நாள் கணக்குங்க. இன்னைக்கு எனக்கு எம்பத்தொம்போது."

அண்ணனுக்கு அதற்கு முன்னால் ஏதாவது செய்ததா என்று கேட்டீர்கள்.

"ஒரு மாசமா நெஞ்சப் புடிச்சுக்கிட்டே திரிஞ்சாரு. வாயுன்னாரு. ஆசுபத்திரிக்கு வரமாட்டேன்னுட்டாரு."

"அப்ப அவரு போனது தூக்கத்தால இல்லையே" என்றீர்கள்.

இவரைப் படுக்கவைத்து நெஞ்சில் வயரை ஒட்டிப் படம் எடுத்தீர்கள், ரத்த அழுத்தம் பார்த்தீர்கள், ரத்தமும் எடுத்தீர்கள். படத்தில் கோடு மேலேயும் கீழேயும் ஒழுங்காகப் போயிருந்தது. கோலம் போடத் தெரிந்த கை போட்ட மாதிரி. நெஞ்சு நல்லாத்தான் இருக்கு, பகல்ல தூங்குறத விட்டுட்டுக் காலை வெயில்ல நடங்க, கொஞ்சங்கொஞ்சமா ராத்திரித் தூக்கம் திரும்பும், நெஞ்சுல எது செஞ்சாலும் வாயுன்னு சொல்லாம உடனே வாங்க என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"தூங்க முடியாதது வேற, தூங்க மாட்டேன்னு உக்காந்திருக்கிறது வேற. உங்களுக்கு இன்சோம்னியா இல்லம்மா. நீங்க காவல் வேலை பாக்குறீங்க."

குருவம்மாளிடம் வாட்ச்மேனைப் பற்றி நான் பேசிய அதே பேச்சு. நானே எழுதியிருக்கிறேன், போய்ப் பாருங்கள், 16ஆம் தேதி.

"அப்ப சீட்டு?" என்றேன்.

"மூணு ராத்திரி தூங்கி எழுதிட்டு வாங்க. வியாழக்கிழமை காலையில தர்றேன்."

இன்றைக்குத்தான் அந்த மூன்றில் முதல் ராத்திரி. இன்றைக்குத்தானா வர வேண்டும்? இப்போது மணி ஒன்பதரை. அவர் பாயை உதறிக்கொண்டிருக்கிறார்.


ஜூலை 29, செவ்வாய் (90)

நேற்று ராத்திரி நடந்ததை எழுதுகிறேன்.

பாய் விரித்தது எனக்கு என்று நினைத்தேன். அவர் அதில் போய் உட்கார்ந்துகொண்டார். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். மில்லுக்குப் போகிற மாதிரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார்.

"என்ன வேசம் இது?"

"மூணாவது ஷிப்டு. இன்னைக்கு நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாப்ப?"

"என் மூச்சை. நான்தான் முழிச்சுக் கெடக்கேன்ல? நின்னுச்சுன்னா உன்னை எழுப்புறேன்."

"நின்ன பெறகு எப்படிய்யா எழுப்புவ?"

கொஞ்சம் யோசித்தார். "நிக்கிறதுக்கு முன்னாடியே எழுப்புறேன். போதுமா?"

சிரித்துக்கொண்டே விளக்கை அணைக்கப் போனேன். வேண்டாம், நான் அணைக்கிறேன் என்றார். எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். இருபத்துநாலு வருடம் வாசலில் நின்ற அதே மாதிரி, அதே குரலில் சொன்னார்.

"வந்துட்டேன், நீ எறங்கு."

இறங்கச் சொல்லிவிட்டுக் கட்டிலில் ஏற்றினார். இந்த வார்த்தையைக் கேட்டால் என் கை தானாக விட்டுவிடும், பழகின கை. பிள்ளையை விட்டிருக்கிறேன், வீட்டை விட்டிருக்கிறேன். நேற்று எதை விட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. கட்டில் சூடாக இருந்தது. பகலில் தூங்கக் கூடாது என்று நீங்கள் சொன்னது நேற்றுப் பதினொரு மணிக்கு. என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பன்னிரண்டிலிருந்து தூங்கியிருக்கிறார், ராத்திரி நான் பாத்திரம் கழுவுகிற நேரத்திலும் ஒரு தூக்கம் போட்டிருக்கிறார், கள்ளன். காவலுக்கு முழிக்க வேண்டுமாம்.

படுத்தது 10. எழுந்தது 5.40. பால்காரர் மணி அடித்துத்தான் எழுந்தேன். அவர் பாயில் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"இருக்கியா?" என்றேன்.

"எங்க போகப் போறேன்? காப்பி போடு" என்றார்.


ஜூலை 30, புதன்

படுத்தது 9.45. எழுந்தது 5.15. காலை வெயிலில் இரண்டு பேரும் பெருமாள் கோயில் வரைக்கும் நடந்தோம். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார். பகலில் தூங்கினால் கட்டிலைத் தூக்கி அக்கா வீட்டில் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.


ஜூலை 31, வியாழன்

டாக்டரம்மா, சீட்டுக்கு நன்றி. ரெஜினா டீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். கரண்டியைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

அக்கா வீட்டு முருங்கைக்காயும் சேர்த்துச் சாம்பார் வைத்தேன். புளியும் பருப்பும் சமாதானம் ஆகிவிட்டன. வரிசை சுற்றி வந்து சத்துணவுக் கூடத்து வாசலை இரண்டாம் முறை தொட்டது. குருவம்மாள் முட்டை உரித்துக்கொண்டே, "ஏக்கா, ஒனக்கு வியாதி போச்சு, எனக்கு மாமியா போகலையே" என்றாள். மாமியாரையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போ, இருமலுக்கும் ஏதாவது பேர் இருக்கும் என்றேன்.

படுத்தது 10. எழுந்தது 5.

தூங்கியது எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியவில்லை. அவரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பன்னிரண்டு வரைக்கும் பார்த்தாராம், பிறகு என்ன நடந்தது என்று ஞாபகமில்லையாம்.

நோட்டை மூடப் போகும்போதுதான் பார்த்தேன். நேற்றும் இன்றும் ஓரத்தில் எண் போட மறந்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் சிவப்புப் பென்சிலில் அவரே போட்டுவைத்திருக்கிறார். 91. 92.